தனியார் கிளவுடுக்கு எந்த ஹைப்பர்வைசர்?

கேள்வி: கோவையில் இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் ஐடி பொறுப்பில் இருக்கிறேன். துணைக்கு இன்னொருவர் மட்டும். ஆறு சர்வர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு 12 கோர் பிராசஸர். நான்கு பழையவை, இரண்டு பிறகு வாங்கியவை. எல்லாவற்றுக்கும் பொதுவாக, ஃபைபர் சேனலில் இணைந்த ஒரு சான் ஸ்டோரேஜ். விஎம்வேரின் விஸ்பியர் 7-இல் 85 விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) ஓடுகின்றன: 50 லினக்ஸ், 35 விண்டோஸ். இப்போது வந்திருக்கும் ரினியூவல் கோட்டேஷனைப் பார்த்து எம்.டி. கோட்டேஷனையே திருப்பி அனுப்பிவிட்டார். "நாமே சொந்தமாக ஒரு கிளவுட் போட்டுவிடலாம்" என்கிறார். எங்களிடம் மென்பொருள் பிரிவும் இருக்கிறது, சுமார் 40 டெவலப்பர்கள். அவர்களே விஎம் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. டெவலப்பர்கள் ஓப்பன்ஸ்டேக் என்கிறார்கள், டீலர் நியூட்டானிக்ஸ் என்கிறார், என் உதவியாளர் ஹைப்பர்-வி என்கிறார். ஒரே சர்வரில் பல விஎம்களை ஓட்டவைக்கும் ஹைப்பர்வைசர்களில் கேவிஎம், சென், ஹைப்பர்-வி, எது சார் வேகம், எது பாதுகாப்பு? பழைய ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) ஒன்று ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓடுகிறது. லைசென்ஸ் சாவியாக யுஎஸ்பி டாங்கிள் செருகிய ஒரு விண்டோஸ் 2008 ஆர்2 சர்வரும் இருக்கிறது, அதை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேவிஎம் எடுங்கள். அதை ஆள ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற நிர்வாக மென்பொருளை வையுங்கள். ஓப்பன்ஸ்டேக் என்ற பெரிய கிளவுட் மென்பொருள் பக்கம் போகாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. ஹைப்பர்வைசரைப் பற்றி அத்தனை கேட்டிருக்கிறீர்கள். ஸ்டோரேஜைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் உங்கள் அடுத்த ஆறு மாத வேலை இருக்கிறது.

கோட்டேஷன் ஏன் அப்படி வந்தது என்பது எம்.டி.க்கும் தெரிந்திருப்பது நல்லது. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பர் 22 அன்று விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சந்தாவாக்கியது. சந்தா கோர் கணக்கில். ஒரு பிராசஸரில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16 என்றே கணக்கிடுவார்கள். உங்களிடம் இருப்பது 144 கோர். பில் வருவதோ 192 கோருக்கு. இல்லாத 48 கோருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

ஏற்கெனவே வாங்கிய நிரந்தர லைசென்ஸ் செல்லாமல் போய்விடவில்லை. ஆனால் விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று எம்.டி. சொன்னால் 2023 பிப்ரவரியை நினைவுபடுத்துங்கள். இஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ் என்ற ரேன்சம்வேர் உலகெங்கும், விஸ்பியரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ ஓடும் சர்வர்களை வரிசையாகப் பூட்டியது அப்போதுதான். அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் இரண்டு வருடத்துக்கு முன்பே வெளிவந்திருந்தது. பேட்ச் இருந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி. உங்களுக்கு இனி பேட்சே வராது. ஆகவே மாறுவதற்கு அவகாசம் உண்டு, ஆனால் அது வருடக்கணக்கில் இல்லை.

வேகத்தைக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்ன எல்லா ஹைப்பர்வைசரும் இன்டெல், ஏஎம்டி பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதே வன்பொருள் வசதியைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் அளவில், பிராசஸர் வேகத்தில் இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியப்போவதில்லை. டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் போகிற பாதையில்தான் தெரியும். அது உள்ளே போடும் டிரைவரையும் பின்னால் நிற்கும் ஸ்டோரேஜையும் பொறுத்தது. கேவிஎம் நேராக வன்பொருள்மேல் நிற்கும் முதல் வகையா, ஓர் இயங்குதளத்தின்மேல் நிற்கும் இரண்டாம் வகையா என்று இன்னும் சிலர் சண்டை போடுகிறார்கள். லினக்ஸின் மையமான கர்னலே ஹைப்பர்வைசராக மாறிவிடுகிற இடத்தில் அந்தப் பிரிவினைக்கு அர்த்தமில்லை. தேர்வுக்குப் படிப்பவர்களோடு அது நிற்கட்டும்.

பிறகு ஏன் கேவிஎம்? 2007-இல் லினக்ஸ் 2.6.20 கர்னலோடு சேர்ந்து வந்த நாள் முதல் அது யாருடைய தனிச்சொத்தும் இல்லை. 2006-இல் சென்னை வைத்து ஈசி2 என்ற கிளவுட் சேவையைத் தொடங்கிய அமேசான், 2017-இல் நைட்ரோ என்ற புதிய அமைப்புக்கு மாறியபோது கேவிஎம்-மை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. (சென் என்றால் ஹைப்பர்வைசர், ஊர் அல்ல, வேற்றுமை உருபு சேர்ந்தால் தமிழில் இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாதது.) கூகுளின் கிளவுடும் கேவிஎம்தான். உங்கள் டீலர் சொல்லும் நியூட்டானிக்ஸின் ஏஎச்வி உள்ளுக்குள் கேவிஎம். ரெட் ஹேட்டின் ஓப்பன்ஷிஃப்ட் மெய்நிகராக்கமும் கேவிஎம். ஓப்பன்ஸ்டேக், கிளவுட்ஸ்டேக், ஓப்பன்நெபுலா, ப்ராக்ஸ்மாக்ஸ் எல்லாமே அதன்மேல் ஓடுகின்றன. மாவு ஒன்றுதான், இட்லியா ஊத்தப்பமா என்பதுதான் கேள்வி. இதில் உங்களுக்கு என்ன லாபம்? இன்று ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு மூன்று வருடம் கழித்து அது ஒத்துவரவில்லை என்றால், மேலே இருக்கும் நிர்வாக அடுக்கை மட்டும் மாற்றலாம். விஎம்முக்குள் இருக்கும் டிரைவர்கள் அப்படியே இருக்கும், டிஸ்க் வடிவம் அப்படியே இருக்கும். இப்போது விஎம்வேரிலிருந்து வெளியேற நீங்கள் படப்போகும் பாட்டை இன்னொரு முறை படவேண்டாம். என் பரிந்துரைக்கு முதல் காரணம் இதுதான், விலை அடுத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென் வழியில் போவதென்றால் பிரான்சின் வேட்ஸ் நிறுவனம் நடத்தும் எக்ஸ்சிபி-என்ஜி நல்ல தயாரிப்பு, அதன் நிர்வாகத் திரையும் சுத்தமானது. ஆனால் அது நெடுங்காலமாக நம்பியிருந்த விஎச்டி டிஸ்க் வடிவத்துக்கு 2 டிபி உச்சவரம்பு உண்டு. உங்கள் ஃபைல் சர்வர் அதைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். தவிர, கோவையில் அதைத் தெரிந்த ஆளை வேலைக்கு எடுப்பது கடினம். லினக்ஸும் கேவிஎம்மும் தெரிந்த பையன்கள் கிடைப்பார்கள்.

ஹைப்பர்-வி சொன்ன உங்கள் உதவியாளர் தப்பாகச் சொல்லவில்லை. உங்கள் 85-இல் 70 விண்டோஸாக இருந்து, எல்லா சர்வருக்கும் விண்டோஸ் டேட்டாசென்டர் லைசென்ஸும் இருந்திருந்தால் நானே கண்ணை மூடிக்கொண்டு ஹைப்பர்-வி என்று எழுதியிருப்பேன். அந்த லைசென்ஸிலேயே ஹைப்பர்-வி அடங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் விண்டோஸ்கள் தாமாகவே ஆக்டிவேட் ஆகும் வசதியும் அங்கே மட்டும்தான். உங்களிடம் லினக்ஸ்தான் அதிகம். இலவசமாகத் தனியே கிடைத்த ஹைப்பர்-வி சர்வரும் 2019 பதிப்போடு நின்றுவிட்டது. லினக்ஸ் விஎம்களை ஓட்டுவதற்காக விண்டோஸ் கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) ஒன்றைப் பராமரிப்பது உங்கள் இருவருக்கும் இரட்டை வேலை.

நியூட்டானிக்ஸ் தரமானதுதான், பணத்துக்கேற்ற வேலை செய்யும். ஆனால் அது தன் ஸ்டோரேஜைத் தானே சர்வர்களுக்குள் கட்டிக்கொள்ளும் வகை. வெளி ஸ்டோரேஜ்களில் குறிப்பிட்ட சிலவற்றை மட்டுமே ஏற்கும். அப்படியானால் நீங்கள் காசு போட்டு வாங்கிய சானை மூலையில் நிறுத்திவிட்டு, அவர்கள் பட்டியலில் உள்ள சர்வர்களைப் புதிதாக வாங்கவேண்டி வரலாம். டீலருக்கு அதில் மகிழ்ச்சி இருப்பது இயல்பு.

இனி எம்.டி.யின் 'கிளவுட்'. இந்தச் சொல்லுக்கு அவர் மனதில் என்ன பொருள் என்று உட்கார்ந்து கேளுங்கள். டெவலப்பர் ஒருவர் உங்களுக்கு மெயில் போட்டுக் காத்திருக்காமல், தானே பட்டனை அழுத்தி லினக்ஸ் விஎம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். இதற்கு ப்ராக்ஸ்மாக்ஸே போதும். டெம்ப்ளேட் ஒன்று செய்து, கிளவுட்-இனிட் வைத்து ஐபி, எஸ்எஸ்எச் சாவி எல்லாம் தானாக ஏறும்படி அமைத்து, டெவலப்பர்களுக்கு ஒரு பூல் (தனிப் பங்கு) பிரித்து, அந்தப் பூலுக்கு மட்டும் உரிமை கொடுத்தால் முடிந்தது. டெராஃபார்ம் என்ற தானியக்கக் கருவி தெரிந்தவர்கள் அதன் வழியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு குறை உண்டு. ஒரு பூலுக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு கோர் என்று உச்சவரம்பு போடும் வசதி ப்ராக்ஸ்மாக்ஸில் இல்லை. 40 பேரில் ஒருவர் 64 ஜிபியில் பத்து விஎம் எழுப்பிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். அதனால் அவர்களுக்கு இரண்டு சர்வர்களையும் ஒரு ஸ்டோரேஜ் பகுதியையும் தனியாக ஒதுக்குங்கள். மோதினால் அவர்களுக்குள் மோதிக்கொள்ளட்டும், ஈஆர்பிக்கு மூச்சு முட்டக்கூடாது.

நாளைக்கு உங்கள் குழும நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வாடிக்கையாளர் மாதிரி, தனி நெட்வொர்க், தனி உச்சவரம்பு, பயன்பாட்டுக் கணக்கு என்று கேட்டால் அப்போது கிளவுட்ஸ்டேக்கைப் பாருங்கள். 2012-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்த திட்டம். ஒரு நிர்வாக சர்வர், ஒரு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் என்று கைக்கு அடக்கமாக இருக்கும். ஓப்பன்ஸ்டேக் அப்படியல்ல. 2010-இல் ராக்ஸ்பேஸும் நாசாவும் சேர்ந்து தொடங்கிய அந்தத் திட்டம், செர்ன் ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் பிரமாதமாக ஓடுகிறது. அங்கே அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. நோவா, நியூட்ரான், சிண்டர், கீஸ்டோன், கிளான்ஸ் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சேவை. நடுவில் ஒரு செய்தி வரிசை, ஒரு டேட்டாபேஸ் கிளஸ்டர். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு. விஎம் ஒன்று எழவில்லை என்றால் எந்தச் சேவையின் லாகில் தேடுவது என்பதே ஒரு படிப்பு. டெவலப்பர்கள் அதைக் கேட்பது அவர்கள் அதைப் பராமரிக்கப் போவதில்லை என்பதால். இரவு இரண்டு மணிக்கு எழப்போவது நீங்களும் உங்கள் உதவியாளரும்.

இப்போது ஸ்டோரேஜ் பற்றிய அந்த ஒரு வரிக்கு வருவோம். விஎம்வேரில் விஎம்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இருக்கிறது. ஆறு சர்வரும் சானில் வெட்டிய ஒரே பகுதியில், அதாவது ஒரே லன்னில், ஒரே நேரத்தில் எழுதலாம், நிரம்பிய அளவுக்கு மட்டும் இடம் பிடிக்கும் தின் டிஸ்க் வைக்கலாம், விஎம்மின் அந்நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். இத்தனை வருடம் அதை நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள், அவ்வளவு இயல்பாக வேலை செய்தது. கேவிஎம் பக்கம் அதற்கு நேர் நிகரானது கிடையாது. ஃபைபர் சேனல் லன்னை ப்ராக்ஸ்மாக்ஸுக்குக் கொடுத்தால் அதன்மேல் எல்விஎம் என்ற லினக்ஸ் டிஸ்க் பிரிப்பு அடுக்கைப் போட்டுப் பகிர்ந்துகொள்வதுதான் வழக்கமான வழி. அங்கே டிஸ்க் எல்லாம் முழு அளவில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 500 ஜிபி என்று அறிவித்து 120 ஜிபி மட்டுமே நிரம்பியிருக்கும் விஎம், விஎம்எஃப்எஸ்ஸில் 120 பிடித்தது, இங்கே 500 பிடிக்கும். உங்கள் 85 விஎம்களின் அறிவிக்கப்பட்ட அளவைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை சானின் மொத்த அளவைத் தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள். பல இடங்களில் மாற்றம் பாதியில் நின்றதற்கு இந்தக் கூட்டல் கணக்கு ஒன்றே காரணம். சானுக்குள்ளேயே தின் வசதி இருந்தால் இது ஓரளவு தணியும்.

ஸ்னாப்ஷாட் இன்னொரு பிரச்சினை. 2025 ஆகஸ்டில் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 9 பதிப்பில், இப்படிப் பகிரப்பட்ட எல்விஎம் மீதும் ஸ்னாப்ஷாட் எடுக்கும் முறை ஒன்றைச் சேர்த்தார்கள், ஆனால் முன்னோட்டம் என்ற முத்திரையோடு. ஈஆர்பியை அதை நம்பி ஏற்றாதீர்கள். பேக்கப்புக்கு இதனால் தடை இல்லை என்பது நல்ல செய்தி. ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் ஸ்டோரேஜின் ஸ்னாப்ஷாட்டை நம்பியதல்ல, கேவிஎம்மின் துணை நிரலான கியூஇஎம்யூ தானே ஓடும் விஎம்மின் பிளாக்குகளைப் படித்து அனுப்புகிறது. அப்டேட் போடுவதற்கு முன் சட்டென்று ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் போகும்.

உங்கள் சான் பெட்டி, நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வான என்எஃப்எஸ்ஸும் கொடுக்குமா என்று பாருங்கள். பல நடுத்தரப் பெட்டிகளில் அந்த வசதி இருக்கும், யாரும் திறந்திருக்க மாட்டார்கள். கொடுக்கும் என்றால், 10 அல்லது 25 கிகாபிட் நெட்வொர்க்கில் என்எஃப்எஸ் போட்டு, டிஸ்க்கை எல்லாம் கியூகவ்2 என்ற டிஸ்க் ஃபைலாக வைப்பதே என் விருப்பம். தின்னும் கிடைக்கும், ஸ்னாப்ஷாட்டும் கிடைக்கும். நாளைக்கு கிளவுட்ஸ்டேக்குக்குப் போனால் அதுவும் கேவிஎம்மோடு என்எஃப்எஸ்ஸைத்தான் மிக இயல்பாக ஏற்கும். அதிக எழுத்து வேலையுள்ள டேட்டாபேஸ் ஒன்றிரண்டை மட்டும் ஃபைபர் சேனல் லன்னில் விட்டுவையுங்கள்.

சர்வர்களின் டிஸ்க்குகளையே சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் செஃப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். போடலாம், அருமையான ஸ்டோரேஜ். மூன்று பிரதி வைத்தால் வாங்கும் டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். மின்சாரம் போனாலும் எழுத்தைக் காப்பாற்றும் மின்தேக்கி உள்ள என்டர்பிரைஸ் எஸ்எஸ்டி வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டியைப் போட்டால் டேட்டாபேஸ் எழுத்து ஆமை வேகத்துக்கு இறங்கிவிடும். நல்ல சான் ஒன்று கையில் இருக்கும்போது இதற்கு இப்போது அவசரமில்லை. சானின் வாரண்டி முடியும்போது யோசியுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஹைப்பர்வைசர் இலவசமானாலும் உள்ளே இருக்கும் விண்டோஸ் இலவசமாகிவிடாது. ஸ்டாண்டர்டு லைசென்ஸ் என்றால், ஒரு சர்வரின் எல்லாக் கோருக்கும் ஒருமுறை வாங்கினால் அங்கே இரண்டு விஎம் ஓட்டலாம். விஎம் ஆறு சர்வருக்கும் தாவக்கூடியது என்றால் ஆறிலும் அதற்கு இடம் இருக்கவேண்டும். 35 விண்டோஸையும் மூன்று சர்வருக்குள் அடக்கி, அந்த மூன்றுக்கு மட்டும், விஎம் எண்ணிக்கைக்கு வரம்பில்லாத டேட்டாசென்டர் வாங்கும் கணக்கை உங்கள் லைசென்ஸ் டீலரிடம் கேளுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் 9-இன் எச்ஏ (ஒரு சர்வர் விழுந்தால் விஎம்மை வேறொன்றில் எழுப்பும் வசதி) விதிகளில் இந்த விஎம் இந்த நோடுகளில், அதாவது கிளஸ்டரின் இந்தச் சர்வர்களில்தான் என்று கட்டிப்போடலாம்.

ஆரக்கிள் இதைவிடக் கறார். அவர்களுடைய கொள்கைப்படி, சாதாரண கேவிஎம்மில் நான்கு கோர் மட்டும் கொடுத்தேன் என்று சொல்லி லைசென்ஸைக் குறைக்க முடியாது. முழு சர்வரையும், தணிக்கைக்காரர் விரும்பினால் முழு கிளஸ்டரையும் பேச்சுக்கு இழுப்பார்கள். ஆரக்கிள் லினக்ஸின் சொந்த கேவிஎம்மில் கோர்களை நிலையாகக் கட்டிவைத்தால் மட்டும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஈஆர்பியின் டேட்டாபேஸை கிளஸ்டருக்கு வெளியே, தனிச் சர்வரில் மெய்நிகராக்கம் இல்லாமல் ஓட்டுங்கள். பழைய சர்வர்களில் ஒன்றைக் கொடுத்துவிடலாம். கிளஸ்டர் ஐந்தாகிவிடும், அதிலும் ஒரு நன்மை இருக்கிறது.

கிளஸ்டர் இயங்க நோடுகளின் பெரும்பான்மை ஓட்டு வேண்டும். ஆறு நோடு இருந்தால் நான்கு ஓட்டு தேவை. நெட்வொர்க் நடுவில் பிளந்து மூன்று மூன்றாக நின்றால் இரு பக்கமும் முடங்கும். ஐந்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஆறாகவே வைப்பதானால் கியூடிவைஸ் என்ற கூடுதல் ஓட்டை ஒரு சிறிய கணினியில் வையுங்கள். ஆனால் இதைவிட முக்கியமானது கோரோசிங்க். நோடுகள் ஒன்றையொன்று உயிரோடிருக்கிறாயா என்று கேட்டுக்கொள்ளும் சேவை அது. அதற்கு அகலமான பாதை வேண்டாம், தாமதமில்லாத பாதை வேண்டும். ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் வாரம் ஒருமுறை, நள்ளிரவு தாண்டி, சர்வர்கள் தாமே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. ப்ராக்ஸ்மாக்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் கோரோசிங்க், என்எஃப்எஸ், பேக்கப் மூன்றும் ஒரே கேபிளில். வாராந்திர முழு பேக்கப் ஓடும்போது பாதை அடைபடும், கோரோசிங்க் பதில் கிடைக்காமல் போகும். எச்ஏ போட்டிருந்ததால் தனிமைப்பட்ட நோடு விதிப்படி தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். 1 கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றைத் தனியாகக் கொடுத்ததும் நின்றது. நீங்களும் தொடக்கத்திலேயே அதற்கு ஒரு தனி ஸ்விட்ச்சும், மாற்றுக்கு இன்னொரு பாதையும் கொடுத்துவிடுங்கள்.

பழைய நான்கு, புதிய இரண்டு என்று பிராசஸர் கலந்திருப்பதால், விஎம்மின் சிபியூ வகையை 'ஹோஸ்ட்' (சர்வரின் பிராசஸரை அப்படியே காட்டுவது) என்று வைக்காதீர்கள். புதியதில் எழுந்த விஎம் பழையதற்குத் தாவும்போது விழுந்துவிடும். பழைய சர்வர் எதைத் தாங்குமோ அந்தப் பொது வகையை எல்லாவற்றுக்கும் வையுங்கள். அதற்காக மிகப் பழையதாகவும் போகக்கூடாது: ரெட் ஹேட் லினக்ஸ் 9 குடும்பம் எக்ஸ்86-64-வி2 என்ற பிராசஸர் தரம் இல்லாமல் எழவே எழாது, 10-ஆம் பதிப்பு வி3 கேட்கும்.

மாற்றும் வேலையை இப்படிச் செய்யுங்கள். விஎம்களை நெருக்கி இரண்டு சர்வர்களைக் காலி செய்து, ஓட்டுக்கு ஒரு கியூடிவைஸோடு ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்கள். சானில் புதிதாக லன்னோ என்எஃப்எஸ் பகுதியோ வெட்டிக்கொள்ளுங்கள். விஎம்எஃப்எஸ் இருக்கும் லன்னை ப்ராக்ஸ்மாக்ஸ் கண்ணிலேயே காட்டாதீர்கள். இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக விஎம்மை இழுக்கும் வசதி 2024 முதல் ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இருக்கிறது. விஎம்வேரின் மைய நிர்வாக சர்வரான விசென்டர் வழியாக இழுத்தால் மிக மெதுவாக நகரும், அதனால் ஒவ்வொரு இஎஸ்எக்ஸ்ஐயையும் நேரடியாக இணையுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்களை முதலில் நீக்கிவிடுங்கள்.

விண்டோஸில் தவறாமல் வரும் தொல்லை ஒன்று. டிஸ்க்கை நேராக, கேவிஎம்மின் வேகமான டிஸ்க் இணைப்பான வெர்ட்ஐஓ ஸ்கசி என்று மாற்றி எழுப்பினால் நீலத் திரை, பூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று. விண்டோஸுக்கு அந்த டிரைவர் இன்னும் தெரியாது. முதலில் சாதாரண சாட்டா இணைப்பு என்று வைத்து எழுப்புங்கள். கூடவே 1 ஜிபியில் ஒரு வெற்று டிஸ்க்கை வெர்ட்ஐஓ ஸ்கசியாகச் செருகி, வெர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை நிறுவுங்கள். விண்டோஸ் அந்த வெற்று டிஸ்க்கைக் கண்டதும் டிரைவர் உள்ளே பதிந்துவிடும். நிறுத்தி, பூட் டிஸ்க்கையும் மாற்றி, வெற்று டிஸ்க்கைக் கழற்றிவிடலாம். விஎம்வேர் டூல்ஸைக் கிளம்புவதற்கு முன்பே நீக்குங்கள்; இங்கே வந்தபின் அது நீங்க மறுக்கும். பழைய நெட்வொர்க் கார்டு டிவைஸ் மேனேஜரில் மறைந்திருந்து அதே ஐபியைப் பிடித்துக்கொண்டிருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி அதையும் அகற்றுங்கள். லினக்ஸில் கார்டின் பெயர் இஎன்எஸ்192 என்றிருந்தது இஎன்எஸ்18 என்று மாறும். ஐபி போனது ஏன் என்று தேடி அலையவேண்டாம். கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பழையதாகவே வைத்துக்கொள்ளுங்கள், கேட் (கணினி வடிவமைப்பு) மென்பொருள்களின் லைசென்ஸ் சர்வர்கள் பல அதைத்தான் பார்க்கும். வி-டிபிஎம் (மெய்நிகர் பாதுகாப்புச் சிப்) போட்ட விஎம் ஏதாவது இருந்தால் அதன் ரகசியம் கூடவே வராது. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பேக்கப்புக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரைத் தனி இயந்திரத்தில், கிளஸ்டருக்கு வெளியே வையுங்கள். இப்போது வீம் என்ற பேக்கப் மென்பொருள் வைத்திருந்தால் 12.2 பதிப்பு முதல் அதுவும் ப்ராக்ஸ்மாக்ஸை ஏற்கிறது, மாற்றத் தேவையில்லை. ஹைப்பர்வைசரின் நிர்வாகத் திரையை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பது கட்டாயம். நீங்கள் கேட்ட பாதுகாப்பு என்பதில் பெரும்பங்கு அதுதான். எந்த ஹைப்பர்வைசரிலும் ஓட்டை வரும், ஆனால் வரவேற்பறைக் கணினியிலிருந்து அந்தத் திரை திறக்கக்கூடாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவும் நினைவிருக்கட்டும்: லாகுகள் 180 நாள் இருக்கவேண்டும், ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். புதிய நோடுகளின் லாகுகள் வேறொரு சர்வருக்குப் போகும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் இலவசம் என்று எம்.டி.யிடம் சொல்லிவிடாதீர்கள். பிராசஸர் எண்ணிக்கைக்குச் சந்தா வாங்குங்கள், அப்போதுதான் சோதித்து முதிர்ந்த அப்டேட்கள் வரும். ஆதரவு வியன்னாவிலிருந்து, அவர்கள் அலுவலக நேரத்தில். நள்ளிரவில் கூப்பிட ஆள் வேண்டுமென்றால் உள்ளூர்ப் பங்குதாரர் ஒருவரோடு தனி ஒப்பந்தம் போடவேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அதற்கும், ஒரு பங்கை மூன்றாவதாக ஒரு ஆளுக்கும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேரில் ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் மற்றவர் தூங்க முடியாது என்பதை எம்.டி. புரிந்துகொள்வார்.

கடைசியாக அந்த 2008 ஆர்2. அதற்கு இப்போதைய வெர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓ பொருந்தாது. பழைய பதிப்பு ஒன்று வேண்டும். தேடச் சலிப்பாக இருந்தால் டிஸ்க்கை சாட்டாவாகவும் நெட்வொர்க் கார்டை இ1000 என்ற பழைய வகையாகவும் நிரந்தரமாக விட்டுவிடுங்கள், டாங்கிள் வேலைக்கு அந்த வேகம் போதும். டாங்கிளை ஒரு நோடில் செருகி விஎம்முக்குள் அனுப்பலாம், ஆனால் அப்புறம் அந்த விஎம் அந்த நோடைவிட்டு நகராது, எச்ஏவும் உதவாது. யுஎஸ்பியை நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி, டாங்கிளை அதில் செருகி, ரேக்கிலேயே பூட்டி வையுங்கள். அந்த விஎம்முக்குத் தனி விலான் (பிரித்த நெட்வொர்க்) போட்டு, இணையத்தை அடைத்துவிடுங்கள்.